பதில் வராத கடிதமும் பாரதியாரும்

நம் தீவுகளில் பகலெல்லாம் அலுவலகக் கோப்புகளுக்கிடையிலும், துறைமுகத்திலும், மர ஆலையிலும், கடைத்தெருவிலும் உழைத்துவிட்டு, இரவில் வீட்டார் உறங்கிய பிறகு விளக்கடியில் உட்கார்ந்து கவிதையோ கதையோ எழுதுகிற தமிழர்கள் இருக்கிறார்கள். முன்பெல்லாம் எழுதியதை உறையிலிட்டு, திரும்பி வருவதற்கு வேண்டிய தபால் தலையையும் உள்ளே வைத்துச் சென்னைக்கு அனுப்புவார்கள். கப்பல் போய்ச் சேர மூன்று நான்கு நாட்கள். பத்திரிகை அலுவலகத்தில் எத்தனை வாரமோ! கடைசியில் தம் கையெழுத்திலேயே விலாசம் எழுதிய அந்த உறை, தம்மிடமே திரும்பி வந்து சேரும். சில சமயம் அதுவும் வராது. இன்று கைபேசியிலிருந்தே கதையை அனுப்பிவிடலாம். கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பதிலுக்குக் காத்திருப்பது மட்டும் மாறவில்லை.

இப்படி இரண்டு மூன்று முறை ஆனதும், நமக்கு எழுத்து வராது என்று பேனாவை மூடி வைத்துவிட்டவர்கள் பலர். அவர்களுக்கு ஒரு வாழ்க்கை வரலாற்றைச் சொல்ல வேண்டும். அது புதிய வரலாறு அல்ல. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் படமாகத் தொங்குகிறவரின் வரலாறுதான். முண்டாசும் மீசையும் கனல் கக்கும் கண்களும் நமக்குத் தெரியும். அந்த மனிதர் எத்தனை கதவுகளைத் தட்டி, எத்தனை கதவுகள் திறவாமல் நின்றார் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

மகாகவி சுப்பிரமணிய பாரதியார் அந்தமானுக்கு வந்தவர் அல்லர். ஆயினும் அந்தமான் என்ற சொல் அவர் வாழ்ந்த வீட்டில் அடிக்கடி ஒலித்திருக்கும். இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரில், ஏழு கைகளாக விரிந்த செல்லுலார் சிறை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்ற பாரீந்திர கோஷ் 1909-இல் இங்கே கொண்டுவரப்பட்டார். அவருடைய அண்ணன் அரவிந்தர் 1910-இல் புதுவைக்கு வந்து பாரதியாரின் நண்பரானார். இலண்டனில் சாவர்க்கரோடு இருந்த வ.வே.சு. அய்யர் அதே 1910-இல் புதுவை வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு சாவர்க்கர் இங்கே சிறைப்பட்டார். வ.உ.சி.க்கு 1908-இல் முதலில் விதிக்கப்பட்டதும் தீவாந்தர தண்டனையே. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. தாளும் எழுதுகோலும் மறுக்கப்பட்ட கைதிகள் இங்கே சிறைச் சுவரில் கீறி எழுதினார்கள். சுவருக்கு வெள்ளையடித்தால் எழுத்து போய்விடும். ஆகவே மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் புதுவையில் பாரதியாருக்குத் தாளும் மையும் இருந்தன, அச்சிடத்தான் வழியில்லை.

அரண்மனையிலிருந்து அச்சுக்கூடத்துக்கு

பாரதியார் 1882 டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். தந்தை சின்னசாமி அய்யர். தாய் லட்சுமி அம்மாள். ஐந்து வயதிலேயே தாயை இழந்தார். பதினோராம் வயதில் எட்டயபுரத்துப் புலவர்கள் அவருடைய கவித்திறனைக் கண்டு வியந்து பாரதி என்ற பட்டத்தை அளித்தார்கள். 1897-இல் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாளை மணந்தபோது மாப்பிள்ளைக்கு வயது பதினான்கு, பெண்ணுக்கு ஏழு. மறு ஆண்டே தந்தை காலமானார். அவர் தொடங்கிய பஞ்சாலைத் தொழில் நொடித்துப்போனதில் குடும்பச் சொத்தும் கரைந்தது.

காசியில் அத்தை வீட்டில் நான்கு ஆண்டுகள் தங்கிப் படித்த பின், எட்டயபுரம் அரண்மனையில் சிறிது காலம் வேலை பார்த்தார். பட்டம் கொடுத்த அதே அரண்மனை, சம்பளமும் கொடுத்தது. ஆனால் ஜமீன்தாருக்குப் பொழுது போவதற்காகத் தமிழ் சொல்லுகிற வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. 1904-இல் அதை உதறினார். அந்த ஆண்டில்தான் மதுரையிலிருந்து வந்த விவேகபாநு என்ற பத்திரிகையில் தனிமை இரக்கம் என்ற அவருடைய பாட்டு அச்சாயிற்று. அச்சில் வந்த அவருடைய முதல் பாட்டு என்று இதைச் சொல்வார்கள். மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் விடுப்பில் சென்ற ஒருவருக்குப் பதிலாக மூன்று மாதத் தமிழாசிரியர் வேலை. சம்பளம் மாதம் பதினேழரை ரூபாய். தற்காலிக வேலையில் இருப்பவருக்கு என்ன மனநிலை இருக்கும் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் சென்னை சுதேசமித்திரன் அலுவலகத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அதிபர் ஜி. சுப்பிரமணிய அய்யர் அவருடைய திறமையை அறிந்து அழைத்துக்கொண்டார். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும் தந்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்கும் வேலையே கிடைத்தது. நாட்டு விடுதலை பற்றி அவர் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்ததை எல்லாம் அப்படியே கொட்ட அங்கே இடமில்லை. ஒரு நிதானமான பத்திரிகைக்கு அதன் எல்லைகள் உண்டு. பாரதியார் அதற்காகச் சினந்து உட்கார்ந்துவிடவில்லை. மொழிபெயர்ப்பு வேலையை ஒழுங்காகச் செய்தார். அந்தப் பயிற்சியிலேயே எளிய தமிழ் உரைநடை அவர் கைக்குப் பழகியது. 1905-இல் சக்கரவர்த்தினி என்ற மாதப் பத்திரிகை. 1906-இல் இந்தியா வாரப் பத்திரிகை. ஓரிடத்தில் சொல்ல முடியாததைச் சொல்ல இன்னோரிடம் தேடிக்கொண்டார்.

எதிர்க் கட்சியார் அச்சிட்ட பாட்டு

கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1907-இல் பாரதியார் தீவிரக் கட்சிக்காரர். வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யர் மிதவாதக் கட்சியின் தூண். இந்தியா பத்திரிகையில் மிதவாதிகளைப் பாரதியார் விட்டுவைத்ததில்லை. அப்படிப்பட்டவர் வீட்டுக்கு நண்பர்கள் பாரதியாரை அழைத்துச் சென்றார்கள். அவர் பாடப் பாடக் கேட்ட கிருஷ்ணசாமி அய்யர் உருகிப்போனார். தம் செலவில் அப்பாடல்களில் சிலவற்றைப் பதினைந்தாயிரம் பிரதிகள் அச்சடித்து இலவசமாக வழங்கச் செய்தார். தம் கட்சியார் செய்யாததை எதிர்க் கட்சிக்காரர் செய்தார். ஊக்கம் பெற்ற பாரதியார் மறு ஆண்டு ஸ்வதேச கீதங்கள் என்ற நூலை வெளியிட்டார்.

அதே 1908-இல் அரசாங்கத்தின் கை இந்தியா பத்திரிகையின் மீது விழுந்தது. பதிவேட்டில் ஆசிரியர் என்று இருந்த சீனிவாசன் கைதானார். ஐந்து ஆண்டு தண்டனை அவருக்கு. உண்மையில் பத்திரிகையை எழுதி நடத்திவந்த பாரதியார், நண்பர்கள் வற்புறுத்த, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்குப் போய்விட்டார். இதற்காக அவரைக் குறை கூறியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அந்தக் குறையை மறைத்து எழுதுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. அவர் பிடிபட்டிருந்தால் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் நமக்குக் கிடைத்திருக்குமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

புதுவைப் பத்தாண்டு

புதுவையிலிருந்து இந்தியா மீண்டும் வெளிவந்தது. விஜயா நாளிதழ், கர்மயோகி, சூர்யோதயம் என்று வேறு பத்திரிகைகளும் நடந்தன. ஆனால் சந்தாதாரர்கள் எல்லோரும் பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்தார்கள். பத்திரிகை அந்த எல்லையைத் தாண்டக்கூடாது என்று அரசாங்கம் தடை செய்தது. வாசகனிடம் போகாத பத்திரிகை எத்தனை நாள் நடக்கும்? 1910-இல் ஒவ்வொன்றாக நின்றன. அதே சமயம் எழுதிய ஆறில் ஒரு பங்கு என்ற கதையும் கனவு என்ற சுயசரிதைப் பாட்டும் 1911-இல் தடை செய்யப்பட்டன. ஒன்று சாதிக் கொடுமையைக் கண்டித்து எழுதிய கதை. மற்றது தம் இளமையை நினைத்துப் பாடியது. அவற்றில் அரசாங்கம் என்ன வெடிமருந்தைக் கண்டதோ! தடையை எதிர்த்து ஆங்கிலப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார் பாரதியார். தடை நீங்கவில்லை.

அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். வருமானம் இல்லை. வாசலில் ஒற்றர்கள். அவருக்கு வரும் கடிதங்களும் பணமும் சரியாக வந்து சேருவதில்லை. எழுதினால் அச்சிட ஆளில்லை. அச்சிட்டால் எல்லை தாண்டாது. ஒருவன் எழுத்தை விட்டுவிட இவற்றில் ஒன்று போதும்.

இந்தக் காலத்தில்தான், 1912-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில்தான், அவர் மிகுதியாக எழுதினார். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பகவத் கீதை மொழிபெயர்ப்பு எல்லாம் புதுவையில் விளைந்தவை. நாளைய பத்திரிகைக்கு இன்று எழுத வேண்டும் என்ற அவசரம் போனபோது, அதைவிட நீண்டு நிற்கக்கூடியதை எழுதத் தொடங்கினார். பத்திரிகை நின்றதை ஓய்வு கிடைத்ததாக அவர் மாற்றிக்கொண்டார் எனலாம். பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகம் 1912-இல் வெளிவந்தது. அந்த நூலை ஒரு ஜமீன்தாருக்கோ செல்வருக்கோ அவர் காணிக்கையாக்கவில்லை. இனி வரப்போகும் தமிழ்க் கவிஞர்களுக்கும் அவர்களுக்கு உதவி செய்யப்போகிறவர்களுக்கும் காணிக்கையாக்கினார். தம் காலத்தில் கிடைக்காத உதவி, பின்னால் வருகிறவனுக்காவது கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. இரண்டாம் பாகம் அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறவே இல்லை.

கடல் கடந்து போன நமக்கு இங்கே ஒரு பெருமை உண்டு. சொந்த நாட்டில் வழி அடைபட்டிருந்த அந்த நாளில், 1914-இல், பாரதியாரின் பாடல்கள் மாதா மணிவாசகம் என்ற பெயரில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நூலாக வந்தன. கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் குடியேறிய நாடு அது. பிஜித் தீவில் கரும்புத் தோட்டங்களில் வாடிய பெண்களுக்காக அழுது பாடியவர் பாரதியார். பிழைக்கப் போன தமிழரை அவர் மறக்கவில்லை. பிழைக்கப் போன தமிழரும் அவரை மறக்கவில்லை.

1915-க்குப் பிறகு சுதேசமித்திரனில் மறுபடியும் எழுத வழி பிறந்தது. காளிதாசன், சக்திதாசன் என்ற புனைபெயர்களிலும் எழுதினார். 1917-இல் பரலி சு. நெல்லையப்பர் என்ற இளைஞர் தாமே முன்வந்து கண்ணன் பாட்டு, பாப்பா பாட்டு, முரசு முதலியவற்றைச் சிறு நூல்களாக வெளியிட்டார். அவர் பணக்காரர் அல்லர். பெரிய மனிதர்கள் செய்யத் தயங்கியதை, கையில் காசில்லாத ஓர் அன்பர் செய்தார்.

செல்லம்மாள் கொடுத்த விலை

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லாவிட்டால் வரலாறு பாதிதான். புறக்கணிப்பைத் தாங்கி நின்றவர் பாரதியார் மட்டும் அல்லர். அடுப்பில் உலை வைத்துவிட்டு அரிசிக்கு எங்கே போவது என்று நின்றவர் செல்லம்மாள். அண்டை வீட்டில் கைமாற்றாக வாங்கிய அரிசியைப் பாரதியார் குருவிகளுக்கு இறைத்த கதையை நாம் ரசித்துச் சொல்கிறோம். அந்த அரிசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

பாரதியாரும் கல்லால் ஆனவர் அல்லர். மனம் ஒடிந்த நாட்கள் அவருக்கும் இருந்தன. புதுவையில் தொற்றிய போதைப் பழக்கம் அவர் உடம்பை அரித்தது. அவரிடம் பேரன்பு கொண்டு எழுதியவர்களும் இதை மறைக்கவில்லை. முப்பத்தைந்து வயதுக்குள் முதுமை தட்டிய தோற்றம் வந்துவிட்டது. துன்பம் வந்தால்தான் நல்ல எழுத்து வரும் என்று யாரும் இதிலிருந்து பாடம் கற்க வேண்டாம். துன்பம் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் ஆயுளில் பாதியைப் பறித்துக்கொண்டது. அவ்வளவு பறித்தும் எழுத்தைப் பறிக்க முடியவில்லை என்பதே செய்தி.

நூறு ரூபாய்க் கடன்

உலக யுத்தம் முடிந்ததும், 1918 நவம்பரில் பாரதியார் புதுவையை விட்டுப் புறப்பட்டார். எல்லையைத் தாண்டியதும் கைது. கடலூர் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல். விடுதலைக்கு நிபந்தனைகள் விதித்தார்கள். குறிப்பிட்ட ஊர்களில்தான் வசிக்க வேண்டும். அரசியலில் ஈடுபடக் கூடாது. எழுதுவதை எல்லாம் முன்கூட்டியே போலீஸ் அதிகாரிக்கு அனுப்பிக் காட்ட வேண்டும். கவிஞனின் எழுத்துக்குப் போலீஸ்காரர் பதிப்பாசிரியர்! குடும்பத்தோடு செல்லம்மாளின் ஊரான கடையத்துக்குப் போனார். அக்ரகாரத்தாருக்கு அவர் போக்குப் பிடிக்கவில்லை. சாதி ஆசாரங்களை மதியாதவர் என்று ஒதுக்கினார்கள்.

1919-இல் எட்டயபுரம் மன்னருக்குக் கவிதையிலேயே கடிதம் எழுதி ஆதரவு கேட்டார். தமக்குப் பட்டம் கிடைத்த ஊர். தாம் வேலை பார்த்த அரண்மனை. அந்தக் கடிதத்தால் ஒரு பயனும் விளையவில்லை.

1920-இல் தம் நண்பர்களுக்கு அச்சிட்ட சுற்றறிக்கை ஒன்றை அனுப்பினார். தம்மிடம் உள்ள கையெழுத்துப் பிரதிகளை நாற்பது நூல்களாக வெளியிடப்போவதாகவும், ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சிடப்போவதாகவும் அதில் கண்டிருந்தது. அதாவது நான்கு லட்சம் புத்தகங்கள். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை தமிழ்நாட்டு வீடுகளில் சர்வ சாதாரணமாகப் புழங்கும் என்பது அவர் நம்பிக்கை. அச்சுச் செலவுக்கு ஒவ்வொருவரும் நூறு ரூபாய்க்குக் குறையாமல் கடன் தர வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்துத் தாராள வட்டியோடு திருப்பித் தருவேன் என்பது ஏற்பாடு. இது பிச்சை கேட்கும் கடிதம் அல்ல. ஒரு தொழிலுக்கு முதல் திரட்டுகிற வியாபாரியின் கடிதம் போல வரவு செலவுக் கணக்கோடு இருந்தது. சரக்கு நல்ல சரக்கு என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

பணம் வரவில்லை. நாற்பதில் ஒரு நூல்கூட அந்தத் திட்டத்தின்படி வெளிவரவில்லை.

அந்தக் கடையத்துத் தெருவில் தபால்காரரை எதிர்பார்த்து அவர் எத்தனை நாள் நின்றாரோ! நம் பத்திரிகைக் கதைக்குப் பதில் வரவில்லை என்றால் ஒரு கதை போயிற்று. அவருக்குப் போனது ஒரு வாழ்நாள் உழைப்பின் மொத்தக் கணக்கு.

அவர் அடுத்தபடி செய்தது என்ன? அந்த ஆண்டு நவம்பரில் சென்னைக்கு வந்து மறுபடியும் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அதே பத்திரிகை. திருவல்லிக்கேணியில் குடியிருந்துகொண்டு ஒழுங்காக அலுவலகம் போனார். உலக அரசியல், பெண் விடுதலை, கல்வி, சங்கீதம் என்று எதைப்பற்றியும் எழுதினார். நாற்பது நூல் வெளியிட முடியாத மனிதர் நாளைக்கு ஒரு கட்டுரை எழுதினார். பெரிய கனவு பலிக்கவில்லை என்பதற்காகச் சிறிய வேலையை அவர் அலட்சியம் செய்யவில்லை. புறக்கணிப்பைத் தாங்க அவரிடம் மந்திரம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. மறுநாள் எழுத வேண்டியது ஒன்று எப்போதும் இருந்தது, அவ்வளவே.

கடைசி இரவு

1921-இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானை அவரைத் தள்ளிய சம்பவம் எல்லோரும் அறிந்தது. அந்தக் காயத்திலிருந்து தேறினார். ஜூலை 31-ஆம் நாள் ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்தில் வாசகசாலை ஒன்றில் பேசினார். சென்னை திரும்பிய பின் வயிற்றுக்கடுப்பு கண்டது. மருந்து உண்ண மறுத்தார்.

செப்டம்பர் 11-ஆம் நாள் இரவு. அருகில் இருந்த நண்பர்கள் அந்த இரவைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆப்கானிஸ்தானத்து மன்னர் அமானுல்லாவைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துப் போக வேண்டும் என்று அவர் பேசிக்கொண்டிருந்தாராம். நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்தது. முப்பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை. சுடுகாட்டுக்குச் சென்றவர்கள் இருபது பேர் அளவில்தான் என்பார்கள்.

அந்தக் கட்டுரையை நினைத்துப் பாருங்கள். அது காவியம் அல்ல. ஒரு நாளிதழின் ஒரு மூலையில் வந்து மறுநாள் பொட்டலம் மடிக்கப் போகும் கட்டுரை. சாகும் தறுவாயிலும் அவர் மனம் அதில் இருந்தது. கூலிக்கு வேலை செய்கிறவன் விட்ட வேலையை நினைத்துக்கொண்டே தூங்குவது போன்றது அது.

1922-இல் நடந்தது

கணவரை இழந்த செல்லம்மாளுக்குச் சொத்து என்று இருந்தவை அந்தக் கையெழுத்துப் பிரதிகள்தாம். உறவினர் துணையோடு 1922-இல் பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் சுதேச கீதங்களை அவரே வெளியிட்டார். பசித்த வயிற்றோடு பார்த்துக்கொண்டிருந்த எழுத்தை அச்சேற்றும் பொறுப்பை அந்த அம்மையாரே ஏற்றார். பின்னர் பாரதி பிரசுராலயம் தொடங்கி நூல்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1928-இல் அரசாங்கம் மறுபடியும் பாடல் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையிலேயே கண்டனம் எழுந்து, தடை விலகிற்று. 1949-இல் சென்னை அரசாங்கம் பாரதியார் நூல்களின் உரிமையை வாங்கியது. 1955-இல் அவை எல்லோருக்கும் பொதுவாயின. இன்று யார் வேண்டுமானாலும் அவற்றை அச்சிடலாம். எத்தனையோ பதிப்பகங்கள் மலிவு விலையில் அச்சிட்டு விற்கின்றன. மண்ணெண்ணெய் அடுப்பு போய்விட்ட வீடுகளிலும் பாரதியார் கவிதைகள் இருக்கின்றன. நான்கு லட்சம் என்று அவர் போட்ட கணக்கு எப்போதோ தாண்டியாயிற்று.

இதைக் கொண்டு, திரும்பி வந்த எழுத்தெல்லாம் ஒருநாள் புகழ் பெறும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். எழுதுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பாரதியார் ஆகப்போவதில்லை. திரும்பி வந்த கதை சில சமயம் உண்மையிலேயே சரியில்லாத கதையாக இருக்கும். அதைத் திருத்தி எழுத வேண்டும். சில சமயம் கதை நன்றாகவே இருந்து, அனுப்பிய இடம் பொருந்தாமல் போயிருக்கும். வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். எது எப்படியானாலும் பிரதி ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தின் அரிசிக்கு வழிசெய்துவிட்டு எழுத வேண்டும் என்பதையும் செல்லம்மாளின் பெயரால் சேர்த்துக்கொள்வோம். மாதச் சம்பளம் வாங்குகிற நமக்கு அந்த ஒன்றிலாவது பாரதியாரைவிட வசதி இருக்கிறது.

1922-இல் செல்லம்மாள் அச்சிடப் புறப்பட்டபோது அச்சிடுவதற்குப் பாட்டுகள் இருந்தன. பத்திரிகை நின்ற பிறகும், தடை வந்த பிறகும், கடன் கேட்ட கடிதத்துக்குப் பதில் வராத பிறகும் அவர் எழுதிக்கொண்டே இருந்ததால் அவை இருந்தன. யாரும் கேட்காத நாளில் எழுதிவைத்தது, கேட்கிற நாள் வந்தபோது பெட்டியில் இருந்தது.

பேனாவை மூடிவைத்த நண்பர் யாராவது இதைப் படித்தால், இன்றிரவு அதைத் திறக்கட்டும்.